அலமாரியை மூட்டை கட்டும் முன் ஒரு துணிப்பையை எடுங்கள்

வாசகர் கேள்வி:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஊரில் கிரந்தசாலை நூலகராக இருக்கிறேன். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நூலகத்தில் மலையாளப் புத்தகம் 4000, தமிழ் 1200 இருக்கும். சாயங்காலம் 4 மணி முதல் 7 மணி வரை திறக்கிறேன். பேப்பர் படிக்க நாலைந்து பெரியவர்கள், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. (கேரளத் தேர்வாணையம்) தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர், அவ்வளவுதான் வருகிறார்கள். பெண்கள் வருவதே இல்லை. தமிழ்ப் புத்தகம் மாதத்துக்குப் பத்துகூடப் போவதில்லை. அதனால் தமிழ் அலமாரிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வைக்கலாம், தமிழ் நாளிதழையும் நிறுத்தலாம் என்று கமிட்டியில் பேசுகிறார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்கள் சில செல்லரித்திருக்கின்றன, எடைக்குப் போடச் சொல்கிறார்கள். எனக்குக் கிடைப்பது சிறிய அலவன்ஸ்தான். ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரக் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பக்கம் எனக்குச் சொந்தபந்தம் உண்டு. கல்யாணம் காட்சி என்று வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் வந்துபோகிறவள்தான். அதனால் உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பத்துப் புத்தகக் கணக்கு. கமிட்டி அதைப் பார்த்துத் தமிழுக்கு வாசகர் இல்லை என்று முடிவு கட்டுகிறது. சாயங்காலம் 4 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில் வாசல்படி ஏறி வந்து, தமிழ் அலமாரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, புத்தகம் எடுத்துப் போக முடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு மேல் அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் உங்கள் ஊர்ப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடலைக்காட்டிலிருந்தோ தோப்பிலிருந்தோ நூறுநாள் வேலையிலிருந்தோ வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு அடுப்புப் பற்றவைக்கிற நேரம் அது. தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களில் கணிசமான பேர் இவர்கள்தான். தமிழ் மீடியத்தில் படித்த பழைய தலைமுறை ஒரு பக்கம். கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து கல்யாணமாகி அங்கே வந்த மருமகள்கள் இன்னொரு பக்கம். அவர்களுடைய பிள்ளைகள் மலையாள மீடியத்திலோ இங்கிலீஷ் மீடியத்திலோ படிக்கிறார்கள். ஆக, தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு நூலகம் வர நேரமில்லை, நூலகம் வருகிற பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உங்கள் பதிவேட்டில் பத்து என்று விழுவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான் என்று நினைக்கிறேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ஒரு துணிப்பையில் ஆரம்பியுங்கள். உங்கள் வார்டில் ஒரே ஒரு குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தை, அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் சேமிப்புக் குழுவை, தேர்ந்தெடுங்கள். பெண்கள் வாரத்துக்கு ஒரு நாள் எப்படியும் கூடுகிறார்கள், சேமிப்புப் பணம் எண்ணுகிறார்கள், பேசுகிறார்கள். தலைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இருபது தமிழ்ப் புத்தகம், பத்து மலையாளப் புத்தகம், ஒரு நோட்டு, ஒரு பேனாவோடு அங்கே போய் உட்காருங்கள். பேச்சு வார்த்தை எல்லாம் முடிந்த பிறகு பையைத் திறங்கள். நூலகத்தின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். புத்தகங்களைப் பாயில் பரப்பி வைத்துவிட்டு, அவர்கள் புரட்டும்வரை பேசாமல் இருங்கள்.

நான் இதைச் செய்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் தென்னை நார் மில்கள் அதிகம். வியாழக்கிழமை தோறும் ஒரு மில்லுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையோடு போவேன். முதல் வாரம் ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே. நான் எடுத்துப் போனவை எல்லாம் எனக்குப் பிடித்த நாவல்கள். மூன்றாவது வாரம் ஒரு அக்கா வந்து, "ஏனுங்க, இதுல கோலப் புத்தகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். நூலகத்தில் இரண்டு இருந்தன. அடுத்த வாரம் கொடுத்தேன். மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. அப்புறம் சமையல், அப்புறம் மாட்டு வைத்தியம், அப்புறம் "படிச்சா கண்ணுல தண்ணி வர்ற மாதிரிக் கதை இருந்தாக் குடுங்க" என்றார். அந்த மில்லில் பதினேழு பேர் உறுப்பினரானார்கள். நான் அங்கே போன நான்கு வருடத்தில் காணாமல் போனவை மூன்றே புத்தகங்கள். கோலப் புத்தகத்தைத் தாழ்வாக நினைத்து விட்டுவிட்டு வந்திருந்தேனானால் அந்தப் பதினேழு பேரையும் இழந்திருப்பேன். வாசகர் கேட்பதிலிருந்து தொடங்குங்கள், தங்கை. அவருக்கு எது நல்லது என்று நாம் நினைப்பதை அவர் கேட்கிற நாள் வரும்போது கொடுக்கலாம்.

இது புதிய யோசனையும் இல்லை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அதே 1931இல்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அச்சில் கொண்டுவந்தார். அதில் மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. கமிட்டி உங்கள் தமிழ்ப் புத்தகங்களுக்கு வாசகர் இல்லை என்கிறது. இருக்கிறார், போய்ச் சேர்ப்பது நம் வேலை என்கிறார் ரங்கநாதன். உங்கள் மாநில லைப்ரரி கவுன்சிலிலேயே பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. உங்கள் நூலகம் அதில் சேர்ந்திருக்கிறதா, சேர என்ன வேண்டும் என்று தாலூக் லைப்ரரி கவுன்சிலில் கேளுங்கள். உங்கள் அலவன்ஸை உத்தேசித்துத்தான் சொல்கிறேன். பஸ் காசுகூடக் கையிலிருந்து போட்டுச் செய்கிற சேவை ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும்.

சரி, அலமாரிக்கு வருவோம். ஒரு விஷயம் பாருங்கள். உங்கள் பகுதியில் நான் பார்த்த ஒரு நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களின் பெயரைப் பதிவேட்டில் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஆனால் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? உங்களுடையதும் அப்படி இருந்தால் முதலில் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் பட்டியல் எழுதுங்கள். தினமும் இருபது புத்தகம் என்றால் இரண்டு மாதத்தில் 1200 முடிந்துவிடும். முதுகு கிழிந்து பெயர் தெரியாத புத்தகத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். அலமாரி இருட்டு மூலையில் இருந்தால் ஒரு பல்பு கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நூலகங்களில் புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூவி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. மலையாள இலக்கியத்துக்கு 894.812. அடுத்தடுத்த வீட்டுக் கதவு எண் மாதிரி. உங்கள் நூலகத்தில் தமிழ் ஒரு மூலை, மலையாளம் ஒரு மூலை என்று பிரித்து வைத்திருந்தால் சேர்த்து வையுங்கள். இரண்டு மொழியிலும் இருக்கிற புத்தகங்களைத் தேடி ஜோடியாக அடுக்குங்கள். தகழியின் 'செம்மீன்' நாவல் மலையாளத்தில் நிச்சயம் உங்களிடம் இருக்கும். சுந்தர ராமசாமி செய்த தமிழ் மொழிபெயர்ப்பையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தால் மகள் ஒன்றையும் அம்மா ஒன்றையும் எடுத்துப் போவார்கள், வீட்டில் அதைப் பற்றிப் பேசுவார்கள். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் கவிஞர் எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து தங்கிய குருமடம் உங்கள் சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் இந்த இரண்டு மொழியும் சண்டை போட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. கமிட்டியிடமும் இதே தொனியில் பேசுங்கள். தமிழா மலையாளமா என்று பேச்சு போனால் ஓட்டுக் கணக்கில் போய் நிற்கும்.

பிள்ளைகளைப் பற்றி. உங்கள் பாலவேதியில், அதாவது நூலகத்தின் சிறுவர் மன்றத்தில், இருக்கும் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். உடனே தமிழ் வகுப்பு ஆரம்பிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளியும் டியூஷனும் முடிந்து வருகிற பிள்ளைக்கு இன்னொரு வகுப்பு என்றால் நூலகத்தின் பக்கமே வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு பாட்டியையோ அத்தையையோ வரவழைத்து ஒரு படக்கதையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அதே கதையை ஒரு பிள்ளை மலையாளத்தில் படிக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர் நூல்களைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது, விலையும் குறைவு. ஒரே கதை தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இரண்டு மொழியிலும் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிண்ட் எடுத்து நடுவில் தைத்தால் புத்தகம் தயார். மூன்று மாதம் இப்படி நடத்திப் பாருங்கள். எழுத்தைக் காட்டி "இது என்ன?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். அன்றைக்கு அ, ஆ எழுதிக் காட்டினால் போதும்.

பாட்டியை வரவழைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நூலகப் படி ஏறத் தயங்கிய ஒரு பெண் ஒரு வேலைக்காக உள்ளே வருகிறார். அவருக்கு நாற்காலி போட்டு, அவர் படிப்பதை ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். நூலகத்தின் பெண்கள் மன்றமான வனிதாவேதிக்கு ஆள் சேர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பி.எஸ்.சி. பிள்ளைகளுக்கு வேண்டியது அமைதியும் விடிகாலை நேரமும். நம்பிக்கையான இரண்டு பேரைப் பொறுப்பாக்கி, கமிட்டி அனுமதியோடு சாவி கொடுத்து, வருகைப் பதிவேடு வைத்துக் காலை 6 மணிக்குத் திறக்க விடுங்கள். கேரளத் தேர்வாணையம் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலும் கேள்வித்தாள் தருகிறது என்பது சில பிள்ளைகளுக்கே தெரியாமல் இருக்கலாம். தேர்வாணையத்தின் துளசி இணையதளத்தில் அவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பதிலுக்கு வாரம் ஒரு மணி நேரம் உங்களுக்குப் புத்தகம் அடுக்கிக் கொடுக்கச் சொல்லலாம், மகிழ்ச்சியாகச் செய்வார்கள்.

தமிழ் நாளிதழை நிறுத்தும் பேச்சுக்கு நீண்ட வாதம் தேவையில்லை. ஒரு வருடச் சந்தா எவ்வளவு என்று ஏஜென்டிடம் கேட்டு, டீக்கடைக்காரரையோ உரக்கடைக்காரரையோ ஏற்கச் சொல்லுங்கள். மேசையில் அவர் பெயரை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். பேப்பர் படிக்க வரும் பெரியவர்களைக் கடிதத்தில் "அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தீர்கள். அப்படி நினைக்காதீர்கள். தினமும் தவறாமல் வருகிற அந்த நாலு பேரால்தான் உங்கள் கதவு இன்னும் திறந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் ஜன்னலோரம் நல்ல வெளிச்சமும் ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்து, உங்கள் ஊரில் நூலகத்தால் மட்டும் செய்யக்கூடிய ஒரு உதவி இருக்கிறது. ஆபீஸிலிருந்து மலையாளத்தில் வரும் கடிதத்தைப் படிக்க முடியாமல் மடித்து அரிசி டப்பாவுக்கடியில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வாரத்தில் ஒரு நாளைக் கடிதம் படித்துச் சொல்லும் நாள் என்று வையுங்கள். என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், எந்த ஆபீஸ் என்பதை மட்டும் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். இது தெரியாமலே மனு எழுதக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் இந்தப் பகுதியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இதில் ஒரு எல்லையும் வேண்டும். ஆன்லைன் விண்ணப்பங்களுக்கு அக்ஷயா என்ற இ-சேவை மையம் இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். ஒருவருடைய போனில் வரும் ஓ.டி.பி.யை நீங்கள் கேட்கக் கூடாது, பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது, ஆதார் நகல் எதுவும் நூலகத்தில் தங்கக் கூடாது. யார் வீட்டுக் கடிதத்தில் என்ன இருந்தது என்பதும் உங்களைத் தாண்டி வெளியே போகக் கூடாது. இது ஒரு முறை தவறினால் அதற்கப்புறம் ஒருவரும் கடிதம் கொண்டுவர மாட்டார்கள்.

இனி கமிட்டி. தமிழ்நாட்டில் நூலகம் அரசினுடையது. 1948 சட்டப்படி மக்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரி சேர்ந்து வருகிறது, எங்களுக்குச் சம்பளம் உறுதி. ஆனால் ஊர்க்காரர்கள் நூலகத்தைத் தங்களுடையது என்று நினைக்க வைக்க நாங்கள் படாத பாடு படுவோம். உங்கள் பக்கம் ஊர் தானே கட்டி நடத்துகிற கிரந்தசாலை. 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி ஆரம்பித்த இயக்கத்தின் வழியில் வந்தது. தேர்ந்தெடுத்த கமிட்டி, பொதுக்குழு, செக்ரட்டரி, எல்லோரும் உங்கள் தெருக்காரர்கள். கம்ப்யூட்டர் கேட்பவர்களும் ஊர் நன்மைக்குத்தான் கேட்கிறார்கள், எதிர்த்து நிற்காதீர்கள். ஒரு மேசைக்கு இடம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, தமிழ் அலமாரிக்கு ஆறு மாத அவகாசம் கேளுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஆறு மாதமும் நூலகத்தில் போனது, அயல்கூட்டத்தில் போனது, ஞாயிறு வாசிப்புக்கு வந்தவர்கள் என்று தனித்தனியாகக் கணக்கு எழுதுங்கள். நூலகத்துக்குக் கிரேடு போட லைப்ரரி கவுன்சிலிலிருந்து வருகிறவர்கள் முன்னாலும் இந்த நோட்டை எடுத்து வையுங்கள். முதலில் செக்ரட்டரியிடம் தனியாகப் பேசுங்கள். கூட்டத்தில் திடீரென்று எடுத்துப் பேசினால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

நான் சொன்ன எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் மூன்று மாதம் துணிப்பையும் தமிழ்ப் பட்டியலும் மட்டும். ஜூன் 19 வாசிப்பு நாளைப் பாட்டிகளின் முதல் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்தச் செல்லரித்த புத்தகங்கள். தயவுசெய்து பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள். கழிக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பழைய கைடு, காலாவதியான சட்டப் புத்தகம், ஐந்து பிரதி இருக்கும் ஒரே நாவல், இவை போகலாம். முறைப்படி தீர்மானம் போட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்குங்கள். ஆனால் 1960க்கு முந்தைய தமிழ்ப் புத்தகம், பாலக்காட்டிலோ சித்தூரிலோ அச்சான எதுவும், நாடகப் பாட்டுப் புத்தகம், கோயில் கும்மி, பள்ளி ஆண்டு மலர் என்று கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். எத்தனை சிறியதாக இருந்தாலும் சரி. எல்லைப் பகுதியில் அச்சானவை இரண்டு மாநிலத்துச் சேகரிப்பிலும் விட்டுப்போகிற வாய்ப்பு அதிகம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பிக் கேட்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் தேடிப் பார்க்கலாம்.

அலமாரியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறுகிறது. நனைந்த புத்தகத்தை வெயிலில் காயப் போடாதீர்கள், தாள் முறுகிவிடும். இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். பைண்டிங்காரர்கள் மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள்.

எடைக்காரர் வருவதற்கு முன்னால் அந்தப் புத்தகங்களின் முதல் பக்கத்தையும் அச்சக விவரம் இருக்கும் பக்கத்தையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா